சங்கத்துக்கு ஆடிட்டர்: மலிவான விலைப்புள்ளியில் என்ன கிடைக்கும்?

சிங்கப்பூரில் ஐபிசி தகுதி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் அறநிறுவனத் தகுதி) உள்ள ஒரு தமிழ் அமைப்புக்குச் சிறு தணிக்கை நிறுவனம் ஒன்று செய்து கொடுத்த வேலை பற்றிய மதிப்பீடு இது. பெயர் வேண்டாம், இந்த அளவு நிறுவனங்கள் பலவும் இப்படித்தான். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.

வந்த மூன்று விலைப்புள்ளிகளில் இவர்களுடையதுதான் குறைவு. ஆனால் கடைசி வரியைப் படிக்க வேண்டும்: பொருள் சேவை வரி தனி, கைச்செலவு தனி, நிதிநிலை அறிக்கை தயாரிப்பது தனி. 5,000 வெள்ளி என்றால் 9% வரியே 450 வெள்ளி. ஜிஎஸ்டி பதிவில்லாத சங்கம் அதைத் திரும்பப் பெற முடியாது. மூன்று விலையையும் இவை எல்லாம் சேர்த்து ஒப்பிட்டால் வரிசையே மாறிவிடும்.

களப்பணி நன்றாகவே இருந்தது. வந்தவர்கள் இளையவர்கள்தான், ஆனாலும் உண்டியல் எண்ணிய தாளை விடவில்லை. தாளில் இரண்டு தொண்டூழியர்களின் கையெழுத்து இருக்கிறதா, வங்கியில் கட்டியது அதே தொகையா, கட்ட எத்தனை நாளானது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பேநவ் (கைப்பேசி வழி வங்கிப் பணமாற்று) வரவுகளை ரசீது எண்களோடு ஒட்டிப் பார்த்தார்கள். எண்ணும் தாளே இல்லாத இடத்தில், ரொக்க நன்கொடை முழுவதும் கணக்கில் வந்ததா என்று உறுதிசெய்ய முடியவில்லை என ஆடிட்டர் அறிக்கையிலேயே எழுதிவிடலாம். அது அவர் குற்றமல்ல.

சறுக்கியது அறிக்கையில். ஐபிசி என்றால், நன்கொடை நோக்கத்துக்கு மாறாகச் செலவானதா, நிதி திரட்டும் செலவு 30% வரம்புக்குள் இருந்ததா என்று (ஐபிசி விதிமுறைகளில் 15-ஆவது) ஆடிட்டர் தனியாகச் சொல்ல வேண்டும். வரைவில் அந்தப் பத்தியே இல்லை. சாதாரண சங்கத்துக்கான மாதிரி அறிக்கையை அப்படியே எடுத்திருந்தார்கள். திருத்தி, செயற்குழு மறுபடி கையெழுத்திட்டு முடிக்கையில் அறநிறுவன ஆணையருக்கு அனுப்பும் ஆறு மாதக் கெடு நெருங்கிவிட்டது. மார்ச் 31-இல் ஆண்டு முடிந்தால் கெடு செப்டம்பர் இறுதி.

ஆகவே தணிக்கை நிறுவனத்திடம் கேட்க வேண்டியது, கையில் எத்தனை ஐபிசி கணக்குகள், கையெழுத்திடும் கூட்டாளி எந்தக் கட்டத்தில் கோப்பைப் பார்ப்பார் என்பதுதான். அவர் பொதுக் கணக்காளராகப் பதிந்தவரா என்று அக்ரா (கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையம்) பதிவேட்டில் பார்க்கச் சில நிமிடம் போதும். செயற்குழு உறுப்பினரின் சொந்த அச்சகத்துக்குச் சங்கம் கொடுத்த ஆர்டர்கள் போன்ற, தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனைகளை ஆடிட்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்து வையுங்கள். 2015-இல் அல்ஜுனிட்-ஹவ்காங்-பொங்கோல் ஈஸ்ட் நகர மன்றம் பற்றிய தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையில்கூட, இத்தகைய பரிவர்த்தனை பெரிய விஷயமாக இருந்தது.

ஆடிட்டரை மாற்றுவதானால் ஆண்டுக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். பொறுப்பை ஏற்பதற்குத் தடை உண்டா என்று புதியவர் பழையவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார். பாக்கிக் கட்டணம் இருந்தால் பதில் வர நாளாகும்.