பாலி நெல்வயல்: கோயில் குறிக்கிற நாளா, கவர்ன்மென்ட் சொல்ற வேகமா?

பாலி தீவுல நெல்லுக்கு எப்போ தண்ணி விடணும்னு காலங்காலமா முடிவு பண்ணது சுபக்ங்கிற விவசாயிங்க சங்கமும் தண்ணிக் கோயில்களும்தான், 1970கள்ல பசுமைப் புரட்சி வந்ததும் இந்தோனேசிய கவர்ன்மென்ட் புது ரக நெல்லைக் கொடுத்து எவ்ளோ தடவை முடியுமோ அவ்ளோ தடவை போடுங்கன்னு சொல்லிச்சு.

இதுல ஆரம்பத்துல விளைச்சல் ஏறுச்சு, ஒத்துக்கணும். ஆனா ஆளாளுக்கு ஒரு நேரத்துல நட்டதால தண்ணி பத்தல, புகையான் பூச்சி வயலுக்கு வயல் தாவிடுச்சு.

கோயில் முறையில ஏரியா முழுக்க ஒண்ணா நட்டு, ஒண்ணா அறுத்து, ஒண்ணா தரிசா விடுவாங்க, பூச்சிக்குத் திங்க ஒண்ணும் இருக்காது. சரி, மேல்மடைக்காரர் ஏன் கீழ இருக்கறவருக்குத் தண்ணி விடணும்? கீழ தண்ணியில்லாம வேற நேரத்துல நட்டா அங்கேர்ந்து பூச்சி மேல வருமே! எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதான். தண்ணி ஏரித் தெய்வம் தேவி தானுவோடதுங்கற நம்பிக்கை வேற எல்லாரையும் சேத்துக் கட்டுது.

ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் க்ரெமர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கம்ப்யூட்டர் மாடல்ல, பக்கத்து சுபக்ல நல்லா விளைஞ்சா அதைப் பாத்துக் காப்பி பண்ணாலே போதும், கிட்டத்தட்ட இந்தக் கோயில் அமைப்பு தானா உருவாயிடுது. என் ஓட்டு கோயில் முறைக்குத்தான். கவர்ன்மென்ட் புது விதை கொடுக்கட்டும், நடவு நாளை மட்டும் சுபக்கிட்டயும் கோயில்கிட்டயுமே விட்டுடணும்.