ஜூகோ பேஸ்பால் ரெக்ரூட்டிங் சேவைகள்: கொடுக்கிற காசுக்கு எது தேறும்?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பேஸ்பால் ஆடும் பையன் வீட்டில் இருந்தால் மூன்று பேர் பர்ஸைத் தேடி வருவார்கள். “நூற்றுக்கணக்கான கோச்சுகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்” என்று சந்தா கேட்கும் ரெக்ரூட்டிங் கம்பெனி, வார இறுதியில் ஷோகேஸ் (பையன்களின் திறமையை அளந்து கோச்சுகளுக்குக் காட்டும் நிகழ்ச்சி) நடத்துபவர்கள், கேம்ப் நடத்தும் கல்லூரிகள். நான்கு வருடக் கல்லூரிக்கு இவை எவ்வளவு உதவும் என்பது வேறு கணக்கு. இரண்டு வருட ஜூனியர் காலேஜுக்கு, அதாவது கோச்சுகள் வாயில் ‘ஜூகோ’வுக்கு, எது தேறும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கம்பெனி சந்தா வேண்டாம், ஷோகேஸ் ஒன்று போதும், கேம்ப்புக்குத் தாராளமாகப் போகலாம்.

ஜூகோ டீமில் ஆட்டம் இரண்டு வருடம்தான். வருடா வருடம் ஏறக்குறைய பாதி டீம் கிளம்பிவிடும். ஆகவே கோச்சுக்கு எப்போதும் ஆள் தேவை, அதுவும் கடைசி நேரம் வரை. நான்கு வருடக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான டிவிஷன் 1 கோச்சுகள் பதினோராம் வகுப்பு தொடங்கும் முன் ஆகஸ்ட் 1 முதல் பையன்களிடம் நேரடியாகப் பேசலாம். அங்கே பல இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். ஜூகோவில் அப்படி இல்லை. ஜூலையில் எம்.எல்.பி. டிராஃப்ட் (தொழில்முறை டீம்கள் வரிசையாக ஆள் எடுப்பது) வருகிறது, கோடையில் நான்கு வருடக் கல்லூரிகள் ஜூகோ பையன்களைத் தூக்கிக்கொண்டு போகின்றன, கையெழுத்துப் போட்டவனே மனம் மாறுகிறான். ஹைஸ்கூல் முடித்து ஜூலையில் உட்கார்ந்திருக்கும் இடக்கை பிட்சருக்கு (பந்து வீசுபவனுக்கு) போன் வருவது அங்கே சாதாரணம். ஒன்பதாம் வகுப்புப் பையனின் அப்பாவிடம் “இப்பவே சேராவிட்டால் பஸ் போய்விடும்” என்று பேசும் விற்பனைப் பேச்சு இந்தச் சந்தைக்குப் பொருந்தவே பொருந்தாது.

பஸ் போகாது, ஆனால் கூட்டம் கூடியிருக்கிறது. 2025இல் ஹவுஸ் வழக்கின் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மீது வந்த வழக்கு) உடன்படிக்கைக்குப் பிறகு, அதை ஏற்ற டிவிஷன் 1 கல்லூரிகளில் பேஸ்பால் டீம் 34 பேரோடு நிற்க வேண்டும். அதற்கு முன் 40 வரை வைத்திருந்தார்கள். மேலே இடம் கிடைக்காதவர்கள் பலர் ஜூகோ பக்கம் இறங்குகிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் இருபது வயதுக்காரனோடு மோத வேண்டிய நிலை.

ஜூகோ எல்லாம் ஒன்றல்ல. 1938இல் தொடங்கிய ஜூகோ விளையாட்டு அமைப்பான என்.ஜே.சி.ஏ.ஏ.வில் தனியாக மூன்று டிவிஷன். டிவிஷன் 1 கல்லூரி படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் உதவித்தொகை கொடுக்கலாம். டிவிஷன் 2இல் கட்டணமும் புத்தகமும்தான், தங்குமிடச் செலவு சேராது. டிவிஷன் 3இல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கிடையாது. முதல் இரண்டிலும் ஒரு டீமுக்கு உச்சவரம்பு 24 ஸ்காலர்ஷிப். உச்சவரம்பு இருப்பதாலேயே எல்லாக் கல்லூரியும் அவ்வளவு கொடுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டிவிஷன் 3 என்றால் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம்: நியூ ஜெர்சியின் ரோவன் காலேஜ் ஆஃப் சவுத் ஜெர்சி (முன்பு ரோவன் காலேஜ் அட் க்ளாஸ்டர் கவுன்ட்டி) அந்தப் பிரிவில் பலமுறை தேசியக் கோப்பை வென்ற டீம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள் என்.ஜே.சி.ஏ.ஏ.விலேயே இல்லை, அவர்களுக்குத் தனி அமைப்பு, ஸ்காலர்ஷிப் இல்லை. தன் எல்லைக்கு வெளியே இருக்கும் பையனை அங்குள்ள கோச் தானாக முதலில் கூப்பிடவும் விதி இடம் தராது. முதல் மெயில் பையனிடமிருந்தே போக வேண்டும்.

இனி சேவைகளுக்கு வருவோம்.

சந்தா கம்பெனிகள் சில நூறு டாலரில் ஆரம்பித்துச் சில ஆயிரம் டாலர் வரை கேட்கின்றன. பதிலுக்கு ஒரு ப்ரொஃபைல் பக்கம், வெட்டி ஒட்டிய வீடியோ, கோச்சுகளின் மெயில் பட்டியல், மாதம் ஒருமுறை பேசும் ‘ஆலோசகர்’. கோச்சுகளின் மெயில் முகவரியும் போன் நம்பரும் ஒவ்வொரு கல்லூரியின் ஸ்போர்ட்ஸ் தளத்திலும் ‘ஸ்டாஃப் டைரக்டரி’யில் இலவசமாகவே கிடக்கின்றன. கம்பெனி அனுப்பும் மொத்த மெயில்கள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே காலையில் நாற்பது வந்தால் எந்த கோச்சும் திறக்க மாட்டார். “இந்த வாரம் 11 கோச்சுகள் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள்” என்று வரும் அறிவிப்பைப் பார்த்து வீட்டில் பாயசம் வைத்துவிட வேண்டாம். பார்த்தது ஆர்வம் ஆகாது. கோச் போன் செய்தால், பெயர் சொல்லி மெயில் எழுதினால், ஆட்டம் பார்க்க வந்தால், அதுதான் ஆர்வம்.

இந்தச் சேவையால் ஒரே ஒரு நன்மை உண்டு: தானாக எதுவும் செய்யாத பையனையும் வீட்டாரையும் ஒரு அட்டவணைக்குள் இழுத்துவைக்கும். அந்த வேலையை ஒரு எக்செல் ஷீட் செய்யும். எங்கள் மதிப்பெண் பத்துக்கு மூன்று.

கம்பெனி செய்வதாகச் சொல்லும் வேலையை வீட்டிலேயே செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். மெயிலின் தலைப்பு வரியைக் கவனியுங்கள், கோச் தீர்மானிப்பது அங்கேதான். “உங்கள் புரோகிராமில் ஆர்வம்” என்று எழுதினால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். “2026 – இடக்கை பிட்சர் – 6 அடி 1 – 84 முதல் 86 மைல் – ஜி.பி.ஏ. 3.3 – டெக்சஸ்” என்று எழுதினால் திறப்பார் (2026 ஹைஸ்கூல் முடிக்கும் வருடம், மைல் மணிக்கு வீசும் வேகம், ஜி.பி.ஏ. படிப்பின் சராசரி மதிப்பெண்). உள்ளே ஆறேழு வரி: பள்ளி, சம்மர் டீம், அடுத்த மூன்று ஆட்டங்களின் தேதியும் இடமும், வீடியோ இணைப்பு, ஹைஸ்கூல் கோச்சின் நம்பர், ஏன் இந்தக் கல்லூரி என்று ஒரே ஒரு உண்மையான வாக்கியம். ஹெட் கோச்சுக்கும் ரெக்ரூட்டிங் பார்க்கும் அசிஸ்டன்ட் கோச்சுக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் பதில் வருவது அசிஸ்டன்ட்டிடமிருந்துதான். எழுதுவது பையனாக இருக்கட்டும். அம்மா அப்பா எழுதிய மெயில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அதைப் பார்த்ததும் கோச்சுக்கு வேறு கவலை வந்துவிடும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் புதிதாக ஏதாவது சேர்த்து, புது வேகமோ புது வீடியோவோ, மறுபடி அனுப்பலாம். அதன்பிறகு ஹைஸ்கூல் கோச்சோ சம்மர் கோச்சோ ஒரு போன் அடித்தால், அது இருபது மெயிலுக்குச் சமம். ஜூகோ கோச்சுகள் தெரிந்த கோச்சின் வாய்ச்சொல்லை நம்பித்தான் பாதி ஆள் எடுக்கிறார்கள்.

வீடியோவுக்கு எடிட்டரே தேவையில்லை. பாட்டு, ஸ்லோ மோஷன், பெயர் பறந்து வருவது எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் போதும், முதல் பதினைந்து விநாடியில் நல்லது தெரிய வேண்டும். பிட்சர் என்றால் இரண்டு கோணம்: கேட்சருக்குப் பின்னால் வலைக்கு வெளியே இருந்து ஒன்று, கை திறக்கும் பக்கத்திலிருந்து ஒன்று. ஃபாஸ்ட்பால் ஐந்தாறு, பிறகு கர்வ், சேஞ்ச். ரேடார் எண் திரையில் தெரிந்தால் நல்லது. பேட்டர் என்றால் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும், வெட்டாமல் எட்டுப் பத்து ஸ்விங் தொடர்ச்சியாக. நடுவில் இரண்டு மோசமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், வெட்டிய வீடியோவைத்தான் கோச் சந்தேகிப்பார். இன்ஃபீல்டர் பந்தை எடுப்பதோடு நிறுத்தக் கூடாது. பந்து ஃபர்ஸ்ட் பேஸ் க்ளவுக்குள் விழும்வரை ஃபிரேமில் இருக்க வேண்டும், ஏனென்றால் கோச் அளப்பது கைவேகத்தை. கேட்சரின் வீடியோவில் கோச்சின் கண் போவது பாப் டைமுக்கு: பந்து கேட்சர் க்ளவில் பட்ட சத்தத்திலிருந்து செகண்ட் பேஸ் க்ளவில் பட்ட சத்தம்வரை. 2.0 விநாடி என்றால் கோச் நிமிர்ந்து உட்காருவார். 2.2 என்றால் மட்டையில் ஏதாவது காட்டியாக வேண்டும். கிரிக்கெட் பழகிய அப்பாக்கள் கவர் டிரைவ் அழகைப் படம்பிடிப்பதுபோல ஸ்விங்கின் முடிவை மட்டும் எடுப்பார்கள். இங்கே பந்து போன தூரத்தைவிட மட்டையை விட்டுக் கிளம்பிய வேகம்தான் எண்.

எண்களில் பொய் கூடாது. வலைப்பயிற்சியில் ஒரே ஒருமுறை 88 வந்ததை ‘88 மைல்’ என்று எழுதி, நேரில் 83 வீசினால் கதை அங்கேயே முடிந்தது, அந்த கோச் பக்கத்துக் கல்லூரி கோச்சிடமும் சொல்லிவைப்பார். வழக்கமாக வீசும் வேகத்தை எழுதுங்கள், உச்சத்தைப் பக்கத்தில் போடுங்கள்.

இங்கேதான் ஷோகேஸுக்கு ஒரு பயன் வருகிறது. பெர்ஃபெக்ட் கேம் போன்ற நிறுவனங்களோ உள்ளூர் அமைப்புகளோ நடத்தும் ஷோகேஸில் 60 கெஜ ஓட்டம், பிட்ச் வேகம், மட்டை வேகம், பாப் டைம் எல்லாம் மூன்றாம் ஆள் அளந்து பதிவாகும். அப்பாவின் ஸ்டாப்வாட்சைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் கட்டணம் சில நூறு டாலர், ஹோட்டல், பெட்ரோல் தனி. எண் மாறாதபோது இரண்டாவது ஷோகேஸ் எதற்கு? 60 கெஜம் 7.3 விநாடியில் ஓடியவன் அடுத்த மாதம் இன்னொரு ஊரில் 7.3 ஓடிக் காட்ட 400 டாலர் கொடுப்பதைவிட அந்தக் காசில் ஒரு ஓட்டப் பயிற்சியாளரைப் பிடிக்கலாம். போகும் முன் எந்தெந்த ஜூகோ கோச்சுகள் வருகிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலில் எல்லாம் என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1 பெயராக இருந்து, பையனின் நிலை ஜூகோ என்றால் அந்த வார இறுதியை விட்டுவிடலாம். ஒரு முறைக்கு பத்துக்கு ஆறு. இரண்டாம் முறைக்கு இரண்டு.

கல்லூரிகளே நடத்தும் கேம்ப்தான் காசுக்கு நியாயம் செய்கிறது. கட்டணம் பெரும்பாலும் ஷோகேஸைவிடக் குறைவு, முடிவெடுக்கும் கோச் பத்தடி தூரத்தில் நிற்கிறார், மைதானம், ஜிம், தங்குமிடம் எல்லாம் கண்ணால் பார்க்கலாம். என்.ஜே.சி.ஏ.ஏ. கல்லூரிகள் பையனைக் கூப்பிட்டு டிரையவுட் (ஆடவைத்துப் பார்க்கும் தேர்வு) வைத்தும் பார்க்கலாம், என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1க்கு இல்லாத வசதி இது. கேம்ப்பிலும் ஏமாற இடமுண்டு: “கோச் தனிப்பட்ட முறையில் அழைக்கிறார்” என்ற மெயில் பலசமயம் ஆயிரம் பேருக்குப் போனது. அசிஸ்டன்ட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள்: “2026க்கு ஷார்ட்ஸ்டாப் தேடுகிறீர்களா? என் வீடியோ பார்த்தீர்களா?” பதில் வந்தால் போங்கள். பத்துக்கு எட்டு.

அந்தக் கேள்விக்கு முன்பே விடை தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, பலரும் செய்வதில்லை. கல்லூரி தளத்தில் ரோஸ்டர் (டீம் பட்டியல்) பக்கத்தைத் திறந்து, பையன் ஆடும் இடத்தில் எத்தனை ஃப்ரெஷ்மன் (முதல் வருடம்), எத்தனை சோஃபமோர் (இரண்டாம் வருடம்) என்று எண்ணுங்கள். கேட்சர் மூன்று பேரும் ஃப்ரெஷ்மன் என்றால் அடுத்த வருடம் அந்தக் கதவு மூடியதுபோல. மூன்று பேரும் சோஃபமோர் என்றால் மெயிலை இன்றே அனுப்புங்கள். பிறகு சொந்த ஊர் என்ற கட்டத்தைப் பாருங்கள்: எல்லாரும் அதே மாநிலம் என்றால் வெளிமாநிலப் பையனுக்கு அங்கே வேலை குறைவு. கடைசியாக, போன வருட சோஃபமோர்கள் எங்கே போனார்கள்? நான்கு வருடக் கல்லூரிக்கு ஆள் ஏற்றிவிடாத ஜூகோவில் ஸ்காலர்ஷிப் எவ்வளவு இனித்தாலும் யோசிக்க வேண்டும். ஜூகோ என்றாலே பிரைஸ் ஹார்ப்பரைச் சொல்வார்கள். அவர் ஹைஸ்கூலைச் சீக்கிரம் முடித்து காலேஜ் ஆஃப் சதர்ன் நெவாடாவில் ஒரு சீசன் ஆடி, 2010 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர். அது எல்லாருக்கும் நடக்கும் கதையல்ல. மேப்பிள் வுட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் ஆடி 1999இல் பதின்மூன்றாம் ரவுண்டில் 402ஆவதாக எடுக்கப்பட்ட ஆல்பர்ட் புஹோல்ஸ்தான் ஜூகோ பாதைக்கு நெருக்கமான உதாரணம். ஜூகோ பையன் ஒவ்வொரு வருடமும் டிராஃப்டுக்குத் தகுதியானவன் என்பதும் இந்தப் பாதையின் கவர்ச்சி. ஆனால் டிராஃப்டே 2021 முதல் 20 ரவுண்டாகச் சுருங்கிவிட்டது.

வாய்ப்பு வந்தபின் கவனிக்க வேண்டியது காகிதம். என்.ஜே.சி.ஏ.ஏ. லெட்டர் ஆஃப் இன்டென்டில் (சேர ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில்) கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரி. கோச் போனில் “ஃபுல் ரைட்” (எல்லாச் செலவும் கல்லூரியுடையது) என்று சொல்லியிருப்பார். காகிதத்தில் கட்டண வரியில் மட்டும் எண் இருக்கும். வரியில் இல்லாதது இல்லை. அது ஒரு வருடத்துக்கு மட்டும், இரண்டாம் வருடம் புதிதாக எழுதப்படும். மற்ற என்.ஜே.சி.ஏ.ஏ. கல்லூரிகளுக்குத்தான் அது பூட்டு. நான்கு வருடக் கல்லூரி கூப்பிட்டால் போவதைத் தடுக்காது. இலையுதிர் காலத்தில் எத்தனை பேரைக் கூட்டி வருகிறீர்கள், வசந்தத்தில் எத்தனை பேர் சீருடை போடுவார்கள் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். ஐம்பது பேரைச் சேர்த்துவிட்டு, ஆட முடியாதவர்களை ரெட்ஷர்ட் (அந்த வருடம் பயிற்சி மட்டும், ஆட்டம் இல்லை) என்று உட்காரவைக்கும் டீம்கள் இருக்கின்றன.

பல ஜூகோக்களில் ஹாஸ்டலே கிடையாது. நான்கு பையன்கள் சேர்ந்து அபார்ட்மென்ட் எடுப்பார்கள்; வாடகை, சாப்பாடு, கார் இன்ஷூரன்ஸ் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தைத் தாண்டிவிடும். மத்திய அரசு தரும் படிப்பு உதவியான பெல் கிராண்ட் 2025–26இல் அதிகபட்சம் 7,395 டாலர், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உள்ளூர் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தைப் பெரும்பாலும் அதுவே மூடிவிடும். ஆனால் அது பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் நம் பையன்களுக்குக் கிடைக்காது. உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அட்மிஷன் ஆபீஸில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படிப்பை விட்டுவிட்டு ஜூகோவுக்கு ஓடலாம் என்ற எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள். ஜூகோவில் சேர எஸ்.ஏ.டி. மார்க் தேவையில்லை, ஹைஸ்கூல் டிப்ளமாவோ அதற்கு ஈடான ஜி.இ.டி. தேர்வோ போதும். ஆனால் அங்கிருந்து என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1க்கு மாற, மாற்றத்தக்க பாடங்களில் 2.5 ஜி.பி.ஏ. வேண்டும். ஹைஸ்கூலிலேயே 16 கோர் பாடங்களை 2.3 சராசரியோடு முடித்து என்.சி.ஏ.ஏ.வில் ‘குவாலிஃபையர்’ (படிப்புத் தகுதி பெற்றவன்) ஆனவனுக்கு மாறுவது எளிது. ஆகாதவன் ஜூகோவில் டிகிரி முடித்துவிட்டுத்தான் போக முடியும். அதனால் மெயிலில் ஜி.பி.ஏ.வை மறைக்க வேண்டாம். 3.3 இருந்தால் கோச்சுக்கு அதுவும் காசுதான்: படிப்புக்கான உதவித்தொகை கல்லூரியின் வேறு கணக்கிலிருந்து வரும், அவருடைய 24 ஸ்காலர்ஷிப்பில் ஒன்று மிச்சம்.