பனங்கட்டியும் செத்தலும் சேர்ந்த பட்டர்: நாலு வருசப் பாவனைக்குப் பிறகு

2021 மார்கழியில் கனடாவில் இருந்து வந்த மச்சாள் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தா. தேனும் மிளகாயும் அடித்துச் சேர்த்த பட்டர். அடுத்த நாள் காலமை றோஸ் பாணைக் கல்லில் வாட்டி அதைப் பூசிச் சாப்பிட்டோம். முதல் இனிப்பு, பிறகு உப்பு, விழுங்கி முடிந்த பிறகு தொண்டையில் மெல்லிய உறைப்பு. மூன்று நாளில் போத்தல் காலி. அதற்குப் பிறகு நானே செய்யத் தொடங்கினேன். இன்றைக்கு வரைக்கும் எங்கள் பிரிஜ்ஜில் அது இல்லாத மாதம் 2022இல் வந்த சில மாதங்கள் மட்டும்தான். ஒருக்கால் செய்து பார்த்துவிட்டு எழுதுகிற குறிப்பில்லை இது. பிழைத்ததும் சரிவந்ததும் எல்லாம் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மச்சாள் சொன்னபடி தேன்தான் போட்டேன். வன்னியில் இருந்து வந்த நல்ல காட்டுத் தேன், மணத்துக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் பக்கத்துத் தேனில் தண்ணீர்த்தன்மை அதிகம். கரண்டியைச் சரித்தால் ஓடும். பட்டருக்குள் அடித்து வைத்து இரண்டு நாள் போக, போத்தலின் அடியில் தேன் தனியாக இறங்கி நின்றது. மேலே எடுத்தால் வெறும் பட்டர், கீழே எடுத்தால் வெறும் தேன். இரண்டு தரம் இப்படியே நடந்தது. மூன்றாம் தரம் மேசையில் இருந்த பனங்கட்டிக் குட்டானை, சின்ன ஓலைப்பெட்டிக்குள் வார்த்த பனங்கட்டியை, பார்த்தேன். வீட்டில் தேத்தண்ணிக்குக் கடிக்கிற சாமான். இதுக்கும் ஏன் ஆகாது?

பனங்கட்டியின் இனிப்பு சீனியின் இனிப்பைப் போல நேரே வந்து நிற்காது. கருப்பணி (பதநீர்) இறக்கும்போது முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவதாலும், மணிக்கணக்காய் அடுப்பில் நின்று காய்வதாலும் அதற்கு ஒரு கருகல் மணமும் கொஞ்சம் உவர்ப்பும் இருக்கிறது. உப்புப் பட்டரோடு சேர்ந்தால் அந்த உவர்ப்பு மறைந்து, கரமல் போன்ற ஒரு ஆழம் வருகிறது. கித்துள் கருப்பட்டி போட்டும் பார்த்தேன், அதுவும் நல்லதுதான், ஆனால் அதன் புகைமணம் மிளகாயோடு சண்டை பிடிக்கிறது. பழுப்புச் சீனி வேண்டாம். அதில் இனிப்பு மட்டும்தான் இருக்கிறது.

பனங்கட்டியைச் சீவி நேரே பட்டரில் போட்டால் நறநறக்கும். சீனி எந்தச் சீனியானாலும் தண்ணீரில் கரையும், கொழுப்பில் கரையாது. எவ்வளவு அடித்தாலும் அந்த மணிகள் அப்படியே இருக்கும். அதனால் பாகு காய்ச்சித்தான் ஆகவேணும். நான் எடுக்கிற அளவு 200 கிராம் பட்டருக்கு 50 கிராம் பனங்கட்டி. அதை இடித்து, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, சின்ன நெருப்பில் கரைத்து, கரைந்தவுடனே வடித்துவிடுவேன். வடிக்காமல் விட்டால் ஓலைத் தும்பும் மண்ணும் பல்லில் மாட்டும். வடித்ததைத் திரும்ப அடுப்பில் வைத்து, அகப்பையில் இருந்து விழுகிற துளி அறாமல் நீளமாக இழுபடும் வரை காய்ச்சவேணும். அதுக்கு மேலே போகக்கூடாது. ஒருநாள் போன் வந்து இரண்டு நிமிடம் பிந்திவிட்டேன். பிரிஜ்ஜில் வைத்த பிறகு பட்டருக்குள் டொபி போலக் கட்டிகட்டியாய் இறுகிப் போனது. பாகு முழுக்க ஆறவேணும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். விரல் வைத்தால் சூடு தெரியவே கூடாது. ஆறினது போல இருக்கும், உள்ளே சூடு நிற்கும். அந்தச் சூடே பட்டரை உருக்கிவிடும்.

இனி மிளகாய். எல்லாவற்றையும்விட நான் கூட யோசித்தது இதைப்பற்றித்தான். தொடக்கத்தில் பைக்கற்றில் வந்த மிளகாய்த்தூளைத் தூவினேன். பச்சை மணம் போகவில்லை, நாக்கில் தூசி போல நின்றது, நிறமும் மங்கல். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் செத்தல் (காய்ந்த மிளகாய்) வாங்கும்போதே வளைத்தால் உடையிற, நல்ல சிவப்பான காயாகப் பார்த்து எடுக்கிறேன். காம்பையும் பாதி விதையையும் நீக்கி, வெறும் சட்டியில் மெல்லிய நெருப்பில் பிரட்டி, மணம் எழும்பினவுடனே இறக்கிவிடுவேன். கறுத்தால் கைப்பு வந்துவிடும், அந்தக் கைப்பை எந்த இனிப்பும் மூடாது. பிறகு உரலில் இடிப்பேன். கிறைண்டர் மாப்போல ஆக்கிவிடும். எனக்குச் சின்னச் சின்னச் செதிலாக வேணும். 200 கிராமுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி.

இடித்ததை நேரே போடாமல் ஒரு தேக்கரண்டி நெய்யை மெல்லச் சூடாக்கி, இறக்கி வைத்து, அதற்குள் போட்டு ஆறவிடவேணும். மிளகாயின் உறைப்பும் சிவப்பும் இரண்டுமே கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் அல்ல. நெய் ஐந்து நிமிடத்தில் செம்மஞ்சளாகிவிடும். அந்த நெய்தான் பட்டருக்கு நிறம் கொடுப்பது. கூடவே வறுத்து இடித்த பெருஞ்சீரகம் கால் தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு சிட்டிகை, தேசிக்காய்த் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் சீவிக் கொஞ்சம். தேசிப்புளி விடாதீர்கள், தண்ணீர் பிரியும்.

இத்தனை தரம் செய்து நான் படித்த ஒரு விசயம் இருக்கிறது. செய்த அன்று நாக்கில் வைத்துப் பார்த்து உறைப்புக் காணாது என்று கூடப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பட்டர் போத்தலுக்குள் இருந்தே வளரும். மிளகாய்ச் செதிலில் இருந்து உறைப்பு மெல்ல மெல்லக் கொழுப்புக்குள் இறங்குகிறது. முதல் நாள் சாதுவாக இருக்கிறது, ஐந்தாம் நாள் சரியாக இருக்கிறது, இரண்டாம் கிழமை பிள்ளைகள் தண்ணீர் தேடுகிறார்கள். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருசம் பிடித்தது. இப்போது செய்த அன்று கொஞ்சம் குறைவாகத் தெரிகிற அளவில்தான் நிறுத்துகிறேன்.

பட்டர் உப்புப் போட்டதாகவே இருக்கட்டும், தனியாக உப்பு வேண்டாம். மாஜரினில் ஒருதரம் செய்தேன். வாயின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உருகவேயில்லை, உறைப்பு மட்டும் தனியே தெரிந்தது. நல்ல பட்டர் எங்கள் உடம்புச் சூட்டுக்குள்ளேயே உருகிவிடும், அதனால்தான் நாக்கில் வைத்தவுடனே எல்லாச் சுவையும் அவிழ்கிறது. ஆனால் அந்தக் குணமே யாழ்ப்பாணத்தில் பெரிய தொல்லையும். சித்திரை வெயிலில் குசினி மேசையில் பத்து நிமிடம் வைத்தால் போதும், விரல் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதம் வந்துவிடும். அந்த நேரத்தில் அடிக்கத் தொடங்கவேணும். இன்னும் பத்து நிமிடம் விட்டால் ஓரம் எண்ணெயாகிவிடும். நான் கோப்பையைப் பச்சைத்தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து மரக்கரண்டியால் அடிக்கிறேன். பட்டர் வெளுத்து உப்பின பிறகு பாகைக் கரண்டி கரண்டியாக விடவேணும், ஒன்று மறைந்த பிறகுதான் மற்றது. கடைசியில் மிளகாய் நெய்.

2022 பங்குனிக் கடைசி ஞாபகம் இருக்கும். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நின்ற காலம். அப்போது ஒரு முழுப் போத்தல் செய்து வைத்திருந்தேன். பிரிஜ்ஜைத் திறக்காமல் வைத்தும் பின்னேரம் பார்க்க உருகி, பாகும் தூளும் அடியில், மஞ்சள் எண்ணெய் மேலே. கரண்ட் வந்து திரும்ப இறுகினது, ஆனால் அது பழைய பட்டர் இல்லை. பட்டருக்குள் கொழுப்புச் சின்னச் சின்னப் பளிங்காகவும், கிட்டத்தட்ட 16 சதவீதத் தண்ணீர் நுண்ணிய துளியாகவும் பிணைந்து கிடக்கிறது. உருகினால் அந்தப் பிணைப்பு அறுந்துபோகும், மெல்ல ஆறும்போது பளிங்கு பெரிதாகி மணல் போல வரும். திரும்ப அடித்தும் சரிவரவில்லை. பட்டர் விலை ஏறி, கடையில் கிடைப்பதே அரிதாக இருந்த நாட்கள் அவை. மனம் பொறுக்கவில்லை. எறியவும் இல்லை, பூசணிக்காயை வாட்டி அதன்மேல் ஊற்றிச் சாப்பிட்டோம். அன்றில் இருந்து 200 கிராமுக்கு மேல் ஒரே தரத்தில் செய்வதில்லை.

வைக்கிற பாத்திரம் கண்ணாடிப் போத்தல். பிளாஸ்ரிக் டப்பா மிளகாய் நிறத்தையும் மணத்தையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூடியும் இறுக்கமாக இருக்கவேணும், பட்டர் பக்கத்தில் இருக்கிற மீன்குழம்பின் மணத்தை இழுத்துக்கொள்ளும். ஈரக்கரண்டி போடாமல் இருந்தால் எங்கள் வீட்டில் மூன்று கிழமை சுவை குறையாமல் இருக்கிறது. எண்ணெய்த்தாளில் உருட்டி மேல்தட்டில் உறையவைத்தால் மூன்று மாதம். உள்ளி போட்டுச் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: பச்சை உள்ளியைக் கொழுப்புக்குள் மூடி வைப்பது ஆபத்து, காற்றில்லாத இடத்தில் நஞ்சு உண்டாக்குகிற கிருமி வளரலாம். வேணுமென்றால் வதக்கிப் போட்டு, பிரிஜ்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

எதோடு சாப்பிடுவது என்று கேட்டால் எனக்கு முதலிடம் அவித்த பனங்கிழங்கு. சூட்டோடு தும்பை உரித்து, நடுவில் பிளந்து, ஒரு கரண்டி பட்டரை உள்ளே வைத்தால் அதன் சின்னக் கைப்பும் பனங்கட்டியும் ஒரே மரத்துப் பிள்ளைகள் என்பது வாயில் தெரியும். மரவள்ளிக்கிழங்கோடும் நல்லது, ஆனால் அதற்குக் கட்டைச்சம்பலை இது வெல்லாது. குரக்கன் ரொட்டி, அவித்த சோளம் இரண்டுக்கும் மிகப் பொருத்தம். தோசையில் உருகி ஓடிவிடும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வேண்டாம், சொதியின் இடத்தை இது எடுக்கக்கூடாது.

மாமி முதல்நாள் பார்த்துவிட்டு, "பட்டருக்கை உறைப்போ பிள்ளை? உது சரிவராது" என்று சொன்னா. ஆறுமாதம் தொடவே இல்லை. ஒருநாள் பனங்கிழங்கோடு கொடுத்தேன். இப்போது, "அந்தச் சிவப்புப் பட்டர் முடிஞ்சுதோ?" என்று அவவே கேட்கிறா. அவவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் எடுத்தால், அதில் பனங்கட்டி ஏறக்குறைய 1 கிராம், மிச்சம் பெரும்பாலும் கொழுப்பு. பனங்கட்டி என்பதால் கூடச் சாப்பிடலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம், அதுவும் இனிப்புத்தான். அவவுக்குக் கிழமையில் இரண்டு தரம், ஒரு கரண்டிக்கு மேல் இல்லை.

போத்தலின் அடியில் வழிக்க முடியாமல் நிற்கிற கடைசிக் கொஞ்சத்தை நான் இறாலுக்கு வைத்திருப்பேன். பாசையூரில் வாங்கின இறாலை உப்பு மஞ்சள் போட்டுச் சட்டியில் பிரட்டி, சிவந்து சுருண்டவுடன் அடுப்பை நிறுத்தி, பிறகுதான் பட்டர். நெருப்பு எரியும்போது போட்டால் பனங்கட்டி கருகிவிடும். சட்டிச் சூட்டிலேயே உருகி இறாலைச் சுற்றிப் பளபளவென்று பிடிக்கும். வெறும் போத்தலுக்குள்ளேயும் இரண்டு சூட்டு இறாலைப் போட்டு மூடிக் குலுக்கி எடுப்பார் என் கணவர், அதில் ஒன்று எனக்கு.