நடை சாத்திய மதியம்: மஹாலா, காந்தி மியூசியமா, கீழடியா?

மதுரைக்கு ஒரே நாள் வருகிறவர்களின் கணக்கு தவறுவது பெரும்பாலும் மதியம் பன்னிரண்டரைக்குத்தான். மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறப்பு. நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மூன்று இடங்கள் போட்டி.

கிட்டத்தில் இருப்பது திருமலை நாயக்கர் மஹால். கோயிலுக்குத் தென்கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர். அங்கே போவதென்றால் காலையிலேயே செருப்பையும் செல்போனையும் கிழக்கு அல்லது தெற்குக் கோபுர வாசலில் கொடுத்துவிடுங்கள். ரயில் நிலையம் பக்கம் என்று மேற்கு வாசலில் விட்டுவிட்டுக் கிழக்கே வெளியே வந்தால், உச்சி வெயிலில் சித்திரை வீதியை வெறுங்காலோடு பாதி சுற்ற வேண்டும். வேண்டாத நேர்த்திக்கடன்!

1636-இல் கட்டிய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான் மிச்சம். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக நிற்பவை சொர்க்க விலாசமும் நாடக சாலையும். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த ராட்சதத் தூண்கள். கைக்கெட்டிய உயரம் வரை வந்துபோனவர்கள் கீறிய பெயர்கள். நிதானமாகப் பார்த்தாலும் முக்கால் மணி நேரம். பிறகு விளக்குத்தூண் பக்கம் நடந்தால், பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு இடையே அதே அரண்மனையின் தூண்கள் நிற்கின்றன. பாதாம் பிசினும் நன்னாரியும் போட்ட ஜிகர்தண்டாவும் அங்கேயே கிடைக்கும். இவ்வளவுக்கும் இரண்டு மணி நேரம் தாண்டாது.

காந்தி மியூசியம் வைகைக்கு வடகரையில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இருக்கிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரே சிக்கல், இவர்களும் 1 முதல் 2 வரை சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள். கோயிலிலிருந்து நேரே ஆட்டோ பிடித்து வந்தால் வாசலில்தான் நிற்பீர்கள். சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு வாருங்கள்.

கீழடி ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் 2023-இல் திறந்த அருங்காட்சியகம்; செவ்வாய் விடுமுறை. பகடைக் காய், தக்களி எல்லாம் உண்டு என்றாலும், ‘ஆதன்’ என்று பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கீறிய பானை ஓட்டின் முன்னால்தான் கால் நிற்கும். இதுவும் பெயர் கீறல்தான். மஹால் தூணில் கீறியவர்களுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. உள்ளே ஒன்றரை மணி நேரம், போகவர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்குக் காத்திருந்தால் கணக்கு உதைக்கும். ஆட்டோவோ காரோ காத்திருப்புக் கூலியையும் சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது.

வண்டி இருந்தால் கீழடிதான். கைக்குழந்தையோ முதியவர்களோ கூட வந்தால் மஹால். காந்தி மியூசியம், 2 மணி வரை காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு. எங்கே போனாலும் 4 மணிக்கே கோயிலுக்கு ஓடிவர வேண்டாம். சுவாமியின் திருப்பாதம் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும் பள்ளியறை பூஜை இரவு 9 மணி வாக்கில்தான்.