வேக்குவம் ஹோஸ்: ஒவ்வொன்றாக மாற்றுவதா, மொத்தமாகக் கழற்றிப் படத்தைப் பார்த்து மாட்டுவதா?

பழைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் வேக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சலைப் பல பாகங்களுக்குக் கொண்டுபோகும் சின்ன ரப்பர் குழாய்) மாற்றப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: ஒன்றைக் கழற்று, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி மாட்டு, அப்புறம் அடுத்ததைத் தொடு. என் 1977 டாட்சன் 280இசட்டில் நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். இரண்டு வருடம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் போட்டு, சர்வீஸ் மேனுவலின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து மாட்டினேன். ஒரே எஞ்சினில் இரண்டு முறையையும் செய்து பார்த்துவிட்டேன், இப்போது நான் இரண்டாவது முறையின் பக்கம்.

ஒவ்வொன்றாக மாற்றுவதில் உள்ள வசதியைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. வேலை சீக்கிரம் முடியும், நடுவில் எழுந்து போனாலும் குழப்பம் வராது, கடைசியில் கையில் ஒரு ஹோஸ் மிஞ்சி நிற்காது. நீண்ட பயணத்துக்கு முன்னால் ஒரு ஹோஸ் மட்டும் வெடித்திருப்பது தெரிந்தால் இன்றைக்கும் நான் அதை மட்டும்தான் மாற்றுவேன்.

ஆனால் அந்த முறைக்கு ஒரு அடிப்படை நம்பிக்கை இருக்கிறது: இப்போது மாட்டியிருப்பது சரியாகத்தான் இருக்கிறது என்பது. நாற்பது, ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறி வந்த வண்டியோ, அதை எப்படி நம்புவது? என் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸும் (உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைப்பது) ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் ஹோஸும் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்துக்குப் போவது) இடம் மாறிக் கிடந்தன. எனக்கு முன்னால் யாரோ செய்தது. நான் முதல் தடவை பழைய ரப்பரை எடுத்துப் புது ரப்பர் போட்டபோது அந்தத் தவறையும் அப்படியே புதுப்பித்துவிட்டேன். வண்டி ஓடியது. ஐடிலில் (சும்மா நின்று ஓடும்போது) பெட்ரோல் வாடை, பிளக்கில் கரி, மற்றபடி பாதையில் நன்றாகவே போனது. அதனால்தான் இரண்டு வருடம் தெரியாமலே போயிற்று.

இது ஏன் இப்படி ஒளிந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயின்) நேரடி வேக்குவம் வேண்டும். என் வண்டியில் இருக்கும் எல்-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்‌ஷன் அமைப்பில் அதன் வேலை, இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் நடுவே எப்போதும் 2.5 பார் வித்தியாசத்தைக் காப்பது. ஐடிலில் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 0.6 பார் குறைவு, ஆகவே ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) அழுத்தம் 1.9 பக்கம் இறங்க வேண்டும். என் வண்டியில் ரெகுலேட்டர் போய்ச் சேர்ந்திருந்ததோ த்ராட்டில் தட்டுக்கு (காற்றுப் பாதையைத் திறந்து மூடுவது) மேலே இருக்கும் போர்ட்டில். த்ராட்டில் மூடியிருக்கும்போது அங்கே வேக்குவம் கிடையாது. ரெயில் 2.5 பாரிலேயே நின்றது, இன்ஜெக்டருக்குக் குறுக்கே 3.1 ஆயிற்று. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் ஐடிலில் ஏறக்குறைய 11 சதவீதம் கூடுதல் பெட்ரோல். த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்ததும் அந்த போர்ட்டிலும் வேக்குவம் வந்துவிடும், கணக்கு சரியாகிவிடும். மறுபக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஐடிலிலேயே முழு அட்வான்ஸ் கிடைத்து வேகம் ஏற, ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்து வைத்திருந்தார்கள். உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் பைபாஸ் ஸ்க்ரூவும், கலவையை மெலிய வைக்க, வழக்கத்துக்கு மேல் திறந்திருந்தது. ஒரு தவறை மறைக்க இரண்டு சரிக்கட்டல்கள்!

எஞ்சின் ஓடுவதை வைத்து ஹோஸ் சரியா என்று தீர்மானிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கசிவு எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி பேசாது. எல்-ஜெட்ரானிக், கே-ஜெட்ரானிக் இரண்டும் உள்ளே வரும் காற்றை அளப்பவை. அளக்காமல் புகுந்த காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது, கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். போர்ஷே 914இன் சில மாடல்களில் வந்த டி-ஜெட்ரானிக் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்க்கிறது. கசிந்தால் லோடு கூடிவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலையும் கூட்டிவிடும், ஐடில் ஏறிக்கொண்டே போகும். அங்கே ஓட்டை இருப்பவருக்கு, நல்ல துடிப்போடு ஓடுகிறது என்றுகூடத் தோன்றலாம்.

சரி, மொத்தமாகக் கழற்றும் முறை. கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு ஹோஸின் இரு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள், போட்டோ எடுங்கள். அந்த எண்கள் பழைய நிலையின் பதிவு மட்டும்தான், அதைப் பார்த்துத் திரும்ப மாட்டக் கூடாது. எந்த நிப்பிள் (ஹோஸ் மாட்டும் முனை) எது என்று சந்தேகம் வந்தால் வேக்குவம் கேஜ் சொல்லிவிடும். எஞ்சின் சூடேறி ஐடிலில் இருக்கும்போது மேனிஃபோல்டு நிப்பிள், கடல்மட்ட உயரத்தில், 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். த்ராட்டிலுக்கு மேலே உள்ள போர்ட் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்று, த்ராட்டிலைத் தொட்டதும் எழும்பும். நான் இதை வைத்துத்தான் பிடித்தேன், ஐந்து நிமிட வேலை.

அட்வான்ஸ், ரிடார்ட் (ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது) என்று இரண்டு நிப்பிள் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் வெளிப்புறத்தில் இருப்பது அட்வான்ஸ், டிஸ்ட்ரிபியூட்டரை ஒட்டியிருப்பது ரிடார்ட். பிரேக் பூஸ்டரின் ஒன்-வே வால்வைத் திருப்பிப் போட்டால் பெடல் கல்லாகிவிடும். உறிஞ்சல் மேனிஃபோல்டை நோக்கிப் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரெகுலேட்டர் ஹோஸைப் பிடுங்கியதும் உள்ளே பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, ஹோஸ் மாற்றி அது தீராது. பயன்படாத நிப்பிளுக்கெல்லாம் மூடி போடுங்கள்.

இந்த முறையின் தொல்லைகளும் உண்மையானவை. ஒரு நாள் முழுக்கப் போகும். காய்ந்துபோன பிளாஸ்டிக் நிப்பிள்கள் இழுத்தால் முறியும். நான் ஒன்றை முறித்த பிறகுதான் ஹோஸை நீளவாக்கில் பிளேடால் மெல்லக் கீறி உரிக்கப் பழகினேன். அதைவிடப் பெரிய சிக்கல் படம்தான். வேறு நாட்டுக்கான மாடலோ, எஞ்சின் மாற்றிய வண்டியோ என்றால் போனட்டின் கீழே ஒட்டியிருக்கும் படம் பொருந்தாது. எஞ்சின் எண்ணையும் வருடத்தையும் வைத்துச் சரியான மேனுவல் கிடைக்கும்வரை கழற்றவே கழற்றாதீர்கள், அதுவரை ஒவ்வொன்றாக மாற்றுவதே மேல்.

இதெல்லாம் பெரும்பாலும் எல்-ஜெட்ரானிக் அனுபவம். கே-ஜெட்ரானிக் வைத்த ஒரு மெர்சிடிஸ் 230இ-யில் நண்பருக்கு உதவியாக நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். டர்போ வண்டியில் சில ஹோஸ்கள் பூஸ்ட் அழுத்தத்தையும் தாங்க வேண்டும், கிளாம்ப் விஷயமே வேறு. அங்கே என் பேச்சை விட அந்த வண்டியின் மேனுவலைக் கேளுங்கள்.

என் 280இசட்டில் இரண்டு ஹோஸையும் இடம் மாற்றி, அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைத்து வைத்து டைமிங் பார்த்து, திரும்ப மாட்டி, பைபாஸ் ஸ்க்ரூவையும் ஐடிலையும் புதிதாக வைத்தேன். அடுத்த மாதம் பிளக் கழற்றியபோது கரி இல்லை, வெளிர் பழுப்பு நிறம்.