எக்ஸ்பி உள்ள குழந்தைக்கு கிரீமா, துணியா?

எங்கள் பாப்பாவுக்கு ஜீரோடெர்மா பிக்மென்டோசம், சுருக்கமாக எக்ஸ்பி. புற ஊதாக் கதிர் சிதைக்கும் டிஎன்ஏவைச் சரிசெய்ய அவள் தோலால் முடியாது. சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வரலாம். ஒன்றரை வயதில் முகமெல்லாம் புள்ளி, வெளிச்சத்தில் கண் திறக்கமாட்டாள். அலர்ஜி என்று களிம்பு மாற்றியே ஒரு வருடம் போனது. இது மரபணு வழி வரும் நோய். நானும் மனைவியும் மாமன் மகள், அத்தை மகன் என்று சொன்னதும்தான் ஒரு தோல் மருத்துவருக்குப் பொறி தட்டியது. மரபணுச் சோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே வெயிலை நிறுத்தச் சொன்னார்.

வெயில் தடுக்கும் சன்ஸ்கிரீன் கிரீம் நல்லதுதான், வாங்குவதும் எளிது. ஆனால் அதன் பாதுகாப்பு அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண், தோலில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தது. அந்த அளவில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசினால் முகம், கழுத்து, கைக்கே 50 கிராம் டியூப் ஒரு வாரம் தாண்டவில்லை. மாதம் நான்கு டியூப், அதுவும் வாழ்நாள் முழுக்க. சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் மெலிதாகப் பூசினோம். அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை.

துணிக்கு அந்தக் கவலை இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறேன், அதனால் துணி எனக்குத் தெரியும். மெல்லிய வெள்ளை பனியன் துணி போதாது, நனைந்தால் இன்னும் மோசம். 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 240 கிராம் எடை) கருநீல இன்டர்லாக், அதாவது இரட்டைப் பின்னல் துணி எடுத்தோம். டியூப்லைட் முன் விரித்து இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி வேறு, புற ஊதா வேறு என்றாலும், ஓட்டை தெரிகிற துணியைக் கழிக்க இது உதவும். பின்னல் துணி இழுபட்டால் இழைகளுக்கு நடுவே ஓட்டை விரிந்துகொள்ளும், அதனால் ஒரு சைஸ் தளர்வாகவே வெட்டுகிறேன். கை நீளம் விரல் முட்டி வரைக்கும், தலைக்கு ஹூட். காதர்பேட்டையில் மிச்சத் துணி கிலோ கணக்கில் கிடைக்கிறது, தைப்பது வீட்டில். துவைத்துத் துவைத்து நைந்தால் மாற்றிவிடுகிறோம்.

சித்திரையில் புழுங்கும், அழுவாள். அதனால் பகலில் வெளியே போவதையே குறைத்து, கோயிலுக்கும் கடைக்கும் இருட்டிய பிறகு கூட்டிப் போகிறோம். புற ஊதாவில் யுவிஏ, யுவிபி என்று வகை உண்டு; ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்தாலும் யுவிஏவை விட்டுவிடும். அங்கேயும் அதே கருநீலத் துணிதான். வெயில் படாததால் வைட்டமின் டி தனியாகக் கொடுக்கிறோம்.

கிரீமை அடியோடு விடவில்லை. மூக்கு, கன்னம், உதடு என்று துணி போகாத இடங்களுக்கு அது வேண்டும், இப்போது அளவு குறையாமல் பூச முடிகிறது. ஹூட்டின் முன்னால் புற ஊதா தடுக்கும் கண்ணாடித்தாள் ஒட்டிய முகமூடியும் தைத்திருக்கிறேன். ஒரு கோடைதான் ஆகிறது, கீறல் விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால் அதைப் போட்டாலும் அடியில் கிரீம் பூசியே அனுப்புகிறோம்.