ஒரே நாளில் எல்லோ ஃபீவர் கார்டு: தென் அமெரிக்கா போகிறவர்கள் கவனத்துக்கு

பெரு, பொலிவியா, பிரேசில் பக்கம் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான (எல்லோ ஃபீவர்) தடுப்பூசிக்காக யாரிடமாவது பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்னையில் ஒரு டிராவல்ஸ். பெயர் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. 'ஹெல்த் அண்ட் பார்டர் பேக்கேஜ்' என்று சொல்லித் தலைக்கு 14,500 ரூபாய் வாங்கினார்கள். நான், என் மனைவி, மச்சான் என மூன்று பேர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை, பெரு விசா, நாட்டு எல்லைகளைக் கடக்க உதவி எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள்.

ஊசிக்கு அவர்களே ஒரு தனியார் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நர்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். லேபிள் பாதி உரிந்திருந்தது. உள்ளே இருந்த தண்ணீர் மாதிரியான மருந்தை நேரே சிரிஞ்சில் உறிஞ்சி, வரிசையாக மூன்று பேருக்கும் போட்டு அனுப்பிவிட்டார். டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வயது என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முட்டை ஒத்துக்கொள்ளுமா, ஒரு கேள்வி கிடையாது.

மறுநாள் கார்டுகள் வீட்டுக்கே வந்தன. பாஸ்போர்ட் எண் முதல் வட்ட முத்திரை வரை எல்லாம் இருந்தது. ஆனால் ஊசி போட்ட தேதி மட்டும் இரண்டு வாரம் முந்தியது. டிராவல்ஸுக்குப் போன் போட்டேன்.

"அது அப்படித்தான் சார். ஊசி போட்டுப் பத்து நாள் ஆகணும்ல, உங்க ஃப்ளைட் அதுக்குள்ள வருது. அதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டிருக்கோம். எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கிறோம்."

எல்லாருக்கும் என்றால் எத்தனை பேர் இந்தக் கார்டை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களோ!

பத்து நாள் என்பது உண்மைதான். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்ததை 2016 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது. 'ரினீவல்' என்று யாராவது காசு கேட்டால் அதுவும் ஏமாற்றுத்தான். இந்தியாவில் இந்த ஊசியை மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் அதில் உண்டு. கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

முன்தேதி விஷயம் உறுத்தியதால் கார்டுகளை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் முத்திரையைப் பார்த்த உடனேயே இது செல்லாது என்றார். அந்த கிளினிக் பட்டியலிலேயே இல்லை. "என்ன ஊசி போட்டாங்க?" என்று கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்? கிளினிக்குக்குப் போன் போட்டால், டிராவல்ஸில் கேளுங்கள் என்று வைத்துவிட்டார்கள். இந்தத் தடுப்பூசி உலர்ந்த பொடியாகத்தான் குப்பியில் வரும். அதற்கான திரவத்தை ஊற்றிக் கலக்கிச் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் அந்த ஃப்ரிட்ஜ் குப்பி நினைவுக்கு வந்தது. எங்களுக்குள் போனது வேறு ஏதாவது உயிருள்ள கிருமித் தடுப்பூசியாக இருந்தால் இடைவெளி வேண்டும் என்பதால், நான்கு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார். டிக்கெட் தேதி மாற்ற விமான நிறுவனத்துக்கு அழுத பணம் தனி.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். மச்சான் விஷயம்தான் பயங்கரம். அவருக்கு முடக்குவாதம், பல வருடமாக மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறார். அது நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. மஞ்சள் காய்ச்சல் ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ். எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் அது உள்ளுறுப்புகளையே தாக்கலாம். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததுமே, உங்களுக்கு இந்த ஊசி போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுபது தாண்டியவர்களுக்கும் யோசித்துத்தான் போடுவார்களாம். அந்த கிளினிக்கில் அவருக்குப் போட்டது வெறும் தண்ணீராக இருக்க வேண்டுமே என்று என் மனைவி வேண்டாத தெய்வம் இல்லை. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பயணத்திலிருந்து விலகிக்கொண்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது டிராவல்ஸ் முதலாளி சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியுமா சார்?"

மிச்ச பேக்கேஜும் இதே லட்சணம். எங்கள் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருந்தது. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கும் இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்குப் பெரு விசாவே தேவையில்லை. இல்லாத விசாவுக்குக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். 'எல்லை உதவி' என்பது இன்னும் வேடிக்கை. டிட்டிகாக்கா ஏரிக்கரையில், பெருவின் புனோவிலிருந்து பொலிவியாவின் கோபகபானா போகும் வழியில் காசானி எல்லை. அங்கே ஆள் நின்று சீல் போட்டுத் தருவார் என்றார்கள். ஆளும் இல்லை, ஆளுக்கு வேலையும் இல்லை. பெரு அலுவலகத்தில் வெளியேறும் வேலையை முடித்துக்கொண்டு, மேட்டில் கொஞ்ச தூரம் நடந்து, பொலிவியா அலுவலகத்தில் நுழைவு முத்திரை வாங்க வேண்டும், அவ்வளவுதான். பெருவை விட பொலிவியா ஒரு மணி நேரம் முன்னே என்பதுகூட அவர்கள் கொடுத்த அட்டவணையில் இல்லை. அதை நம்பியிருந்தால் கோபகபானாவில் லா பாஸ் பஸ்ஸை விட்டிருப்போம்.

நான்கு வாரம் கழித்துக் கிண்டியில் ஊசி போட்டு வாங்கிய கார்டைப் பொலிவிய அதிகாரி புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஊர் திரும்பியபோது சென்னை விமான நிலையச் சுகாதாரப் பிரிவில்தான் உண்மையான சோதனை. மையத்தின் முத்திரை, மருந்தின் பேட்ச் எண், தேதி மூன்றையும் நிதானமாகப் பார்த்தார்கள். மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து செல்லுபடியாகும் கார்டு இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க இங்கே விதி இருக்கிறது. பழைய கார்டோடு வந்திருந்தால் நேரே அங்கேதான்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். கிளினிக் மீது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம், பழைய கார்டுகளின் நகலோடு. டிராவல்ஸ் இதுவரை பெரு விசாக் காசை மட்டும் திருப்பியிருக்கிறது. இதே பேக்கேஜ் வாங்கி, முன்தேதி போட்ட கார்டு கையில் இருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் சாட்சி. நகல் எடுத்து நீங்களும் ஒரு புகார் கொடுங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிற யாராவது அங்கே ஊசி போட்டிருந்தால், முதல் வேலையாக உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.